நேரம் சரியில்லையா? முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு, கணிப்பொறிப் பிரிவு மாணவர் ஒருவர்)



"நேரம் சரியில்லப்பா!" அரியர் விழுந்தால் இப்படிச் சொல்கிறோம். பஸ் போய்விட்டால் சொல்கிறோம். வைவாவில் வாய் அடைத்து நின்றாலும் இதையேதான் சொல்கிறோம். பாவம், நேரம்! எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுகிறோம். ஆனால் நிஜமாகவே நேரம் சரியில்லாமல் போனால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்ததுண்டா?

எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு வாடைக் காலத்தில் அது நடந்தது. ஒரு நேர்மையான பெண்மணியின் பெயர் அதனால் கெட இருந்தது. அதைச் சொல்லிவிட்டு, நம்மைப் போன்ற டிப்ளமோ மாணவர்கள் இதில் என்ன செய்ய வேண்டும் என்ற என் கருத்தையும் வைக்கிறேன்.

மூணு நாள் இறால், ரெண்டு நாள் கணக்கு

நான் பழவேற்காட்டுக்காரன். அப்பா சின்ன அளவில் இறால், நண்டு கொள்முதல் செய்கிறார். ஏரிக்கரையில் தராசு வைத்த கொட்டகையில் ஒரு பழைய கணிப்பொறி. வீட்டில் ஒரு லேப்டாப். கொட்டகையில் தம்பி எடை போட்டுப் பதிவான். வீட்டில் அண்ணி செலவுக் கணக்கு எழுதுவார். இரண்டையும் ரௌட்டர் மூலம் இணைத்தவன் நான்தான். "டிப்ளமோ படிக்கிற புள்ள, வீட்டுக்கே நெட்வொர்க் போட்டுட்டான்" என்று தெருவே பேசியது. எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று!

இரண்டு இடத்திலும் ஒரே கணக்கு இருக்க வேண்டுமே? அதற்கு ஒரு சின்னப் புரோகிராம் எழுதினேன். இரவு பத்து மணிக்கு அது இரண்டு கோப்புகளையும் ஒப்பிடும். எது கடைசியாக எழுதப்பட்டதோ அதுவே சரி. பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். எளிமையான விதி! ஆறு மாதம் ஓடியது. யாரும் குறை சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை எதிர்த்தெரு அத்தை வாரக் கணக்கு வாங்க வந்தார். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்பவர் அவர். அப்பா அவர் பெயரைத் தட்டினார். இரண்டு நாள் எடைதான் வந்தது.

"மூணு நாள் கொண்டாந்தேனே அண்ணே" என்றார் அத்தை.

"ரெண்டுதாம்மா இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?"

அத்தை என்னைப் பார்த்தார். "நீயே சொல்லு கண்ணு, வியாழக்கிழமை விடியக்காலம் நான் வரல?" நான் அன்று ஹாஸ்டலில் இருந்தேன். என்ன சொல்ல முடியும்? மென்று விழுங்கினேன். கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். திங்கட்கிழமை அவருடைய இறால் வேறு தராசுக்குப் போனது.

தோழர்களே, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேட்கிற கேள்வி ஒன்றுதான்: பொய் சொன்னது அத்தையா, கம்ப்யூட்டரா?

தப்பைத் தேடிய கதை

முதலில் லாரிச் சீட்டைத் தேடினேன். வியாழக்கிழமை சரக்கு ஏற்றியதற்கு எடைச் சீட்டு இருந்தது. ஆனால் எங்கள் பதிவேட்டில் அந்த நாளே காலி! அத்தையின் எடை மட்டுமல்ல, அன்று வந்த எல்லோருடைய எடையும் காணோம். மற்றவர்கள் அன்றன்றைக்கே காசு வாங்கிக்கொள்பவர்கள். அதனால் யாருக்கும் தெரியவில்லை. அத்தை ஒருவர்தான் வாரக் கணக்கு. நம்பி வைத்தவருக்குத்தான் நஷ்டம்!

அடுத்து இரண்டு கணிப்பொறிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் நாலு நிமிட வித்தியாசம். எது சரி? இரண்டு கடிகாரம் மட்டும் இருந்தால் இந்தக் கேள்விக்கு விடையே கிடையாது. மூன்றாவது ஒன்று வேண்டும். சித்தப்பாவின் ஃபைபர் படகில் உள்ள ஜி.பி.எஸ். பெட்டியைக் கொண்டுவந்தேன். அது செயற்கைக்கோளிலிருந்து நேரம் வாங்குவது. லேப்டாப் அதோடு ஒத்துப்போனது. கொட்டகைப் பெட்டிதான் குற்றவாளி.

தம்பியைப் பிடித்து உலுக்கினேன். "கரண்டு போயி வந்தா அதுல தேதி எங்கயோ போயிடும்ணா. நான் செல்போன பாத்து மாத்தி வெப்பேன்" என்றான். வியாழக்கிழமை? "அன்னிக்கு விடியக்காலமே கரண்டு போச்சு. வந்தப்ப கும்பலா இருந்துச்சு. மாத்தாமயே எழுதிட்டேன்."

புரிந்துவிட்டது! மதர்போர்டில் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறதே, சி.ஆர். 2032, 3 வோல்ட், அது செத்துப் போயிருந்தது. கரண்டு போனால் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது இல்லாததால் கணிப்பொறி கண் விழித்தபோது பல வருடம் பின்னால் போய் நின்றது. தம்பி அன்று எழுதிய கோப்பின் மேல் அந்தப் பழைய தேதி விழுந்தது. இரவு பத்து மணிக்கு என் புரோகிராம் வந்து பார்த்தது. முதல் நாள் இரவே பதிந்த லேப்டாப் கோப்பு "புதியது", அன்று காலை எழுதிய கோப்பு "பழையது". விதிப்படி அழித்துவிட்டது!

அப்படியானால் பொய் சொன்னது கம்ப்யூட்டரும் அல்ல. கடிகாரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி விதி எழுதிய நான்தான்.

இன்னொரு சந்தேகம் மிச்சமிருந்தது. இன்டர்நெட்டில் இணைந்த விண்டோஸ் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளுமே, ஏன் திருத்தவில்லை? நிகழ்வுப் பதிவைத் திறந்து படித்தேன். வித்தியாசம் மிகப் பெரிது, ஏற்க முடியாது என்று எழுதி வைத்திருந்தது! தனியாக இயங்கும் விண்டோஸ் கணிப்பொறியில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால், அதன் நேரச் சேவை திருத்த மறுக்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். யூனிக்ஸ் உலகின் பழைய என்.டி.பி. புரோகிராமோ 1000 விநாடிக்கு மேல் வித்தியாசம் என்றால் வேலையையே நிறுத்திவிடும். காரணம் நியாயமானது. இவ்வளவு பெரிய வித்தியாசம் என்றால் எங்கோ கோளாறு, மனிதன் வந்து பார்க்கட்டும் என்பதே. நாம்தான் வந்து பார்க்கவில்லை.

கடிகாரம் ஏன் தப்புகிறது?

டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்த நமக்கு இது தெரிந்த சங்கதியே. கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அது 2-இன் 15-ஆம் அடுக்கு. 15 ஃபிளிப்-ஃபிளாப்புகளை வரிசையாகக் கோத்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு கிடைத்துவிடும். அழகான கணக்கு! ஆனால் படிகம் வெப்பத்துக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும். பத்து லட்சத்தில் 20 பங்கு பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்குக் கிட்டத்தட்ட 52 விநாடி, வருடத்துக்குப் பத்து நிமிடம்! நல்ல பேட்டரி இருந்தாலும் இந்தக் கதிதான்.

ஆகவே தோழர்களே, கடிகாரக் கோளாறு என்று யாராவது கூப்பிட்டால் உடனே நேரத்தை மாற்றி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். வித்தியாசம் எவ்வளவு, எப்படி வருகிறது என்று பாருங்கள். அதுவே நோயைச் சொல்லும்.

கரண்டு போகும்போதெல்லாம் தேதி பின்னால் ஓடினால் பேட்டரி. தினம் சில விநாடி தேய்ந்தால் படிகம். அப்படியென்றால் நேரச் சேவை ஓடவில்லை என்றும் பொருள். சரியாக ஐந்தரை மணி நேரம் தப்பினால் கடிகாரத்தில் பழுதில்லை. நேர மண்டலம் தப்பாக இருக்கும், அல்லது ஒரே பெட்டியில் விண்டோஸும் லினக்ஸும் போட்டிருப்பீர்கள். ஒன்று உள்கடிகாரத்தை இந்திய நேரமாகவும் மற்றது உலக நேரமாகவும் படிக்கும். சேவை ஓடியும் நேரம் வரவில்லை என்றால் யு.டி.பி. 123-ஆம் போர்ட் எங்காவது அடைபட்டிருக்கிறதா பாருங்கள். நேரம் முன்னும் பின்னும் குதித்தால் இரண்டு எஜமானர்கள் ஒரே கடிகாரத்தைத் திருத்திக்கொண்டு இருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்த இணையதளத்தைத் திறந்தாலும் "பாதுகாப்பில்லை" என்று வந்தால் நெட்டைத் திட்டுவதற்கு முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சான்றிதழின் காலக்கெடுவை உலாவி அந்தத் தேதியை வைத்துத்தான் சோதிக்கிறது.

பையனை அனுப்பி நேரம் கேட்பது

சரி, ஒரு கணிப்பொறி இன்னொன்றிடம் நேரம் கேட்பது எப்படி? பதில் வந்து சேர்வதற்குள் நேரம் ஓடிவிடுமே! இதற்கு வழி கண்டவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் மில்ஸ். 1985-இல் அவர் வெளியிட்ட முறைதான் என்.டி.பி. எனும் நெட்வொர்க் டைம் புரோட்டோகால். 2024 ஜனவரியில் அவர் காலமானார். அவர் வகுத்த முறை இன்றும் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

நம்ம ஊர்ப் பாணியில் சொல்கிறேன். கொட்டகைக் கடிகாரம் 6.00 காட்டும்போது ஒரு பையனைப் பஸ் நிலையத்துக்கு அனுப்புகிறேன். அவன் அங்கே போய்ச் சேரும்போது அங்குள்ள கடிகாரத்தில் 6.10. திரும்பக் கிளம்பும்போது அதிலேயே 6.11. கொட்டகைக்கு வரும்போது என் கடிகாரத்தில் 6.05. ஆக மொத்தம் 5 நிமிடம் போனது. அதில் 1 நிமிடம் அங்கே நின்றான். நடந்தது 4, போக 2, வர 2. அவன் புறப்பட்ட நேரம் அங்கே 6.08 ஆக இருந்திருக்க வேண்டும். எனவே என் கடிகாரம் 8 நிமிடம் மெது! இவ்வளவுதான் என்.டி.பி.

இதில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. போக எவ்வளவோ வரவும் அவ்வளவே என்பது. ஏரியில் படகில் அனுப்பியிருந்தால்? போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று என்றால் கணக்கு தப்பும். நெட்வொர்க்கிலும் அப்படியே. அதனால்தான் ஒருவரை மட்டும் கேட்காமல் மூன்று நாலு பேரைக் கேட்டு, ஒத்து வராதவரைத் தள்ளிவிடுகிறது அந்த முறை.

இது புதுப் பிரச்சினை அல்ல

பழவேற்காட்டுக்கு டச்சுக்காரர்கள் வந்து 1613-இல் ஜெல்ட்ரியா கோட்டை கட்டியது உங்களுக்குத் தெரியும். அவர்கள் நாட்டு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1656-இல் ஊசல் கடிகாரம் கண்டுபிடித்தார். 1665-இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது அறையில் மாட்டியிருந்த இரண்டு கடிகாரங்களைக் கவனித்தார். இரண்டு ஊசல்களும் எதிரெதிர்த் திசையில், ஆனால் ஒரே தாளத்தில் ஆடின! கலைத்துவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் மறுபடி சேர்ந்துகொண்டன. பிரித்து வைத்தால் ஒற்றுமை போய்விட்டது. இரண்டையும் தாங்கிய மரச் சட்டத்தின் நுண்ணிய அசைவே காரணம். அந்தச் சட்டம்தான் உலகின் முதல் "நேர நெட்வொர்க்" என்பேன் நான்!

எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் ஒரு நிழல் கடிகாரம் இருக்கிறது. சுற்றுலா வருபவர்கள் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து "தப்பா காட்டுதே" என்பார்கள். தப்பில்லை ஐயா! இந்திய நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. பழவேற்காடு சுமார் 80.3 டிகிரியில் இருக்கிறது. டிகிரிக்கு 4 நிமிடம். ஆக இங்கே சூரியன் சுமார் 9 நிமிடம் தாமதம். பூமியின் பாதை காரணமாக வருடத்துக்குள்ளும் அது மாறும். சூரியன் உச்சிக்கு வருவது நவம்பர் தொடக்கத்தில் 11.52-க்கு, பிப்ரவரி நடுவில் 12.23-க்கு! நிழலும் சரி, கைக்கடிகாரமும் சரி. இரண்டும் வேறு வேறு எஜமானர்களுக்குக் கட்டுப்பட்டவை.

நம் நாட்டு ரயில்களுக்கும் இதே தலைவலி இருந்தது. பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடம் முன்னால். கல்கத்தா 5 மணி 53 நிமிடம். நடுவில் சென்னை 5 மணி 21 நிமிடம். 1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனியார் கட்டிய வானாய்வகம் கணித்த அந்தச் சென்னை நேரத்தைத்தான் ரயில்வே பொது நேரமாக வைத்துக்கொண்டது. 1906 ஜனவரி 1-இல் ஐந்தரை மணி நேரம் கொண்ட இந்தியப் பொது நேரம் வந்தது. அப்படியும் கல்கத்தா 1948 வரையிலும், பம்பாய் 1955 வரையிலும் தங்கள் நேரத்தை விடவில்லை! கருவியை மாற்றுவது சுலபம். யாருடைய நேரத்தை எல்லோரும் ஏற்பது என்பதில் ஒத்துப்போவதுதான் கஷ்டம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் பாருங்கள். ஸ்ரீஹரிகோட்டா! ராக்கெட் ஏவும் நாளில் எங்கள் கரையில் கூட்டம் நிற்கும். 2013 ஜூலை 1-இல் அங்கிருந்து போன ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ வழிகாட்டிச் செயற்கைக்கோளில் மூன்று ரூபிடியம் அணுக்கடிகாரங்கள் இருந்தன. மூன்றும் பின்னால் பழுதாயின. கடிகாரம் போனால் வழிகாட்டும் வேலையே போயிற்று! மைக்ரோ விநாடி தப்பினால் தூரத்தில் 300 மீட்டர் தப்பும். மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக் கவசம் பிரியாமல் தோற்றது. 2018 ஏப்ரலில் அனுப்பியது வென்றது. 2023 மே 29-இல் போன என்.வி.எஸ்.-01-இல் நம் நாட்டிலேயே செய்த ரூபிடியம் கடிகாரம் இருந்தது. அவ்வளவு பெரிய விஞ்ஞானிகளுக்கே கடிகாரம் காலை வாருகிறது என்றால், காசு மாதிரி பேட்டரியை நம்பும் நாம் எம்மாத்திரம்?

என் கருத்து

"நாலு நிமிஷம் தப்பா இருந்தா என்ன குடி முழுகிடும்?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஒற்றைக் கணிப்பொறி என்றால் ஒன்றும் முழுகாது. இரண்டு கணிப்பொறி பேசிக்கொள்ள ஆரம்பித்தால் எது முன், எது பின் என்ற கேள்வி வந்துவிடும். அங்கேதான் ஒருவர் கூலி இன்னொருவர் பிழையில் மூழ்குகிறது. கடைக் கணக்குக்கு நானோ விநாடி வேண்டாம், ஒரு விநாடி சரியாக இருந்தால் ஏராளம். ஆனால் அந்த ஒரு விநாடியை யாராவது பொறுப்பேற்றுப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, நேரத்தை மட்டும் நம்பி வரிசை தீர்மானிக்கக் கூடாது. லெஸ்லி லாம்போர்ட் என்ற கணிப்பொறி அறிஞர் 1978-லேயே இதைச் சொன்னார். கடிகாரம் இல்லாமலேயே, ஏறிக்கொண்டே போகும் எண்களைக் கொண்டு நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தலாம் என்று காட்டினார். எங்கள் ஏரியில் பாடு முறை என்று ஒன்று உண்டு. கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் மீனவர்கள் யார் எப்போது எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். மணி பார்த்து அல்ல, முறை பார்த்து! லாம்போர்ட்டைப் படித்தபோது எனக்குப் பாடுதான் ஞாபகம் வந்தது.

நான் செய்த திருத்தம் இதுதான். முதலில் பேட்டரி மாற்றினேன். ஒரு சினிமா டிக்கெட் காசுகூட ஆகவில்லை. இரண்டு கணிப்பொறிக்கும் இந்திய நேரத்தைப் பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சர்வரையே காட்டினேன். ஒவ்வொரு எடைக்கும் வரிசை எண் கொடுத்தேன். எந்தக் கோப்பையும் அழிக்காமல், சந்தேகம் வந்தால் இரண்டையும் வைத்துக்கொண்டு மனிதனைக் கேட்கும்படி புரோகிராமை மாற்றி எழுதினேன்.

மூன்றாவதாக, நம் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28-இல் கொடுத்த உத்தரவில், நிறுவனங்கள் தங்கள் கணிப்பொறிகளின் நேரத்தைத் தேசிய தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரோடு இணைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. நாளை வேலைக்குப் போகும் இடத்தில் நாம்தான் இதைச் செய்யப் போகிறோம். ஆனால் நம் லேபில் எத்தனை கணிப்பொறிகள் ஒரே நேரம் காட்டும்? நாளைக்கே போய்ப் பாருங்கள். பழைய பெட்டி ஒன்றில் லினக்ஸ் போட்டு லேபுக்கு ஒரு நேரச் சர்வர் வைக்கலாம். செலவில்லை. செத்த பேட்டரிகளை மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். விடுமுறை முகாமில் ஊர்ஊராகப் போய் சின்னக் கடை, கொள்முதல் கொட்டகைகளில் இதே சோதனையைச் செய்து கொடுக்கலாம். ஆசிரியர்கள் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாமே!

கடைசியாக ஒன்று. மிஷின் ஒன்று சொல்கிறது, மனிதர் வேறு சொல்கிறார் என்றால், மனிதரைப் பொய்யர் ஆக்கும் முன் மிஷினைச் சோதிப்பது நம் கடமை. அதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் நாம். மற்றவர்களுக்கு அது ஒரு பெட்டி. அதில் வருவது வேதவாக்கு.

அப்பா லாரிச் சீட்டையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று, "தப்பு எங்க மேலதாம்மா. கம்ப்யூட்டர்ல கடிகாரம் கெட்டுப் போச்சு, உன் கணக்கை அழிச்சிருச்சு" என்றார்.

அத்தை பணத்தை எண்ணிப் பார்க்காமலே முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அது என்ன பண்ணும் அண்ணே, அதுக்கு நேரம் சரியில்ல" என்றார்.

மறுநாள் விடியற்காலம் அவருடைய கூடை எங்கள் தராசில் இருந்தது. தம்பி முதலில் தேதியைப் பார்த்தான். அப்புறம்தான் எடை போட்டான்.